கேஸ்தான் மச்சி... சோடா குடி!

‘‘மச்சி... வயிறு ஒரு மாதிரியா இருக்குடா!’’

‘‘மத்தியானம் மெஸ்ல உருளைக்கிழங்கை ஒரு கட்டு கட்டினேல்ல... கேஸ்தான். சோடா குடி, சரியாயிடும்!’’

இந்த டயலாக்கைக் கேட்காத ஹாஸ்டல் ரூம் உண்டா, சொல்லுங்கள்? நானும் பேசியிருக்கிறேன். செகண்ட் இயர், செமஸ்டர் பரீட்சை நேரம். வலி என் ரூம்மேட்டுக்கு. பேரைச் சொன்னால் உதைக்க வருவான் என்பதால் ‘மாப்ள’ என்று வைத்துக்கொள்வோம்.

வியாழக்கிழமை சாயங்காலம், தொப்புளைச் சுற்றி வலி என்றான். ராத்திரி சாப்பாடு வேண்டாம் என்று தட்டைத் தள்ளிவிட்டான். பரோட்டா என்றால் பத்து வரைக்கும் எண்ணாமல் சாப்பிடுகிற ஆள் அவன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் என்ன செய்தேன்? தெருமுனைக் கடையில் லெமன் சோடா வாங்கி வந்து கொடுத்தேன். பக்கத்து ரூம் சீனியர் வந்து ‘‘சூட்டு வலிடா தம்பி... தொப்புள்ல விளக்கெண்ணெய் வை’’ என்று இலவச வைத்தியம் சொல்லிவிட்டுப் போனார்.

நடுராத்திரி ரெண்டு முறை வாந்தி. வலி தொப்புளை விட்டு வலது பக்க அடிவயிற்றுக்கு இறங்கியிருந்தது. காலையில் மெடிக்கல் ஷாப்பில் ‘வயித்து வலிக்கு’ என்று கேட்டு ஒரு மாத்திரை. அதைப் போட்டுக்கொண்டு, வில் மாதிரி வளைந்தபடியே போய்ப் பரீட்சை எழுதினான். மத்தியானம் ரூமுக்கு வந்து, ‘‘டேய், வலி விட்டுருச்சுடா!’’ என்றான். ‘‘நான் சொன்னேன்ல... கேஸ்தான்!’’ என்று காலரைத் தூக்கி விட்டுக்கொண்டேன்.

அன்று ராத்திரி அவனுக்குக் காய்ச்சல் கொதித்தது. வயிறு பலகை மாதிரி இறுகிப்போனது. ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். ஒவ்வொரு ஸ்பீடு பிரேக்கரிலும் வண்டி குதிக்கும்போது அவன் போட்ட சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

குடல்வால். ஆங்கிலத்தில் அப்பெண்டிக்ஸ். முந்தைய நாளே வீங்கி, மத்தியானம் ‘வலி விட்டுருச்சு’ என்று அவன் சொன்ன நேரத்தில் உடைந்திருக்கிறது. உள்ளே இருந்த அழுத்தம் குறைந்ததால் கொஞ்ச நேரம் நிம்மதி. அதற்குப் பிறகு சீழ் வயிறு முழுக்கப் பரவிவிட்டது. முதல் நாளே போயிருந்தால் சின்ன ஆபரேஷன். ரெண்டு மூணு நாளில் வீடு. மாப்ளைக்குப் பெரிய ஆபரேஷன், பதினோரு நாள் ஆஸ்பத்திரி, மூணு பேப்பர் அரியர். அவன் அம்மா ஊரிலிருந்து வந்து, ‘‘நீதாம்ப்பா கூட இருந்து பார்த்துக்கிட்டே, நல்லா இருப்பே’’ என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னபோது, எனக்கு அந்த சோடா பாட்டில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதற்குப் பிறகுதான் வயிற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன். படித்ததில் புரிந்தது இதுதான் ஃப்ரெண்ட்ஸ்... பத்து வயிற்று வலியில் பெரும்பாலானவை தானாகவே சரியாகிவிடும். ஆனால், டாக்டரிடம் போயே ஆக வேண்டிய வலி, வரும்போதே தனி அடையாளத்தோடுதான் வருகிறது. நமக்கு அடையாளம் தெரிவதில்லை, அவ்வளவுதான். தெரிந்துகொள்வோமா?

நெஞ்சு எரியுதே...

ராத்திரி பன்னிரண்டு மணிக்கு ஆப்பில் பிரியாணி ஆர்டர். பன்னிரண்டே முக்காலுக்கு ஏப்பம். ஒரு மணிக்கு மல்லாந்து படுத்தாச்சு. ரெண்டு மணிக்கு நெஞ்சில் நெருப்பு, தொண்டையில் புளிப்பு! இது எப்படி நடக்கிறது?

உணவுக்குழாய் இரைப்பையில் சேரும் இடத்தில் ஒரு சுருக்குப் பை வாய் மாதிரி தசை வளையம் இருக்கிறது. சாப்பாடு இறங்கும்போது திறக்கும், பிறகு மூடிக்கொள்ளும். வயிறு முட்டச் சாப்பிட்டுப் படுத்தால், இந்த வளையம் தளர்ந்து, இரைப்பையின் அமிலம் மேலே ஏறி வரும். இரைப்பைக்கு அமிலத்தைத் தாங்கும் பூச்சு உண்டு. உணவுக்குழாய்க்கு அந்த அளவுக்குக் கிடையாது. அதனால்தான் எரிகிறது. எண்ணெய்ப் பலகாரம், சிகரெட், மது, சிலருக்குக் காபி... எல்லாம் அந்த வளையத்தை இன்னும் தளர்த்தும்.

மருந்துக்கு முன்னால் செய்ய வேண்டியது சுலபம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் ரெண்டு மூணு மணி நேரம் இடைவெளி விடுங்கள். இடது பக்கம் சரிந்து படுங்கள். கட்டிலின் தலைமாட்டுக் கால்களுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தினாலும் பலன் உண்டு.

வாரத்தில் ரெண்டு மூணு நாள் எரிகிறதா? தினமும் வெறும் வயிற்றில் கேஸ் மாத்திரை போட்டால்தான் நாள் ஓடுகிறதா? ரெண்டு வாரத்துக்கு மேல் அந்த மாத்திரையை நீங்களாகத் தொடராமல், டாக்டரைப் பாருங்கள். விழுங்கும்போது சாப்பாடு நெஞ்சில் சிக்குகிற மாதிரி இருந்தால் ரெண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

முகப்பரு பார்ட்டிகளுக்கு ஒரு ஸ்பெஷல் தகவல்! பருவுக்குக் கொடுக்கும் டாக்ஸிசைக்ளின் மாத்திரையை, தண்ணீர் குடிக்கச் சோம்பல்பட்டு, எச்சிலோடு விழுங்கிவிட்டு உடனே படுத்துவிடுவது சிலர் வழக்கம். மாத்திரை பாதி வழியில் ஒட்டிக்கொண்டு உணவுக்குழாயையே புண்ணாக்கிவிடும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே உயிர் போகும். ஒரு டம்ளர் தண்ணீர் முழுசாகக் குடித்துவிட்டு, அரை மணி நேரமாவது உட்கார்ந்திருங்கள் பாஸ்!

அல்சரும் ஒரு டம்ளர் கிருமியும்

‘காலையில சாப்பிடாமப் போகாதே... அல்சர் வந்துடும்!’ அம்மாக்களின் தேசிய கீதம் இது. அம்மா சொன்னால் சாப்பிட்டுவிடுங்கள், தப்பே இல்லை. ஆனால், அல்சருக்குக் காரணம் பட்டினியும் டென்ஷனும் மிளகாயும்தான் என்று டாக்டர்களே ரொம்ப காலம் நம்பியிருந்தார்கள் என்பது தெரியுமா?

ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற ரெண்டு டாக்டர்கள், ‘அல்சருக்குக் காரணம் ஒரு பாக்டீரியா’ என்றார்கள். ‘அமிலக் கடலில் கிருமி எப்படிப் பிழைக்கும்?’ என்று சக டாக்டர்கள் சிரித்தார்கள். கடுப்பான மார்ஷல் 1984-ல் என்ன செய்தார் தெரியுமா? அந்தக் கிருமியை வளர்த்து, கலக்கி, தானே குடித்தார்! சில நாளில் குமட்டல், வாந்தி, வாய் நாற்றம். எண்டோஸ்கோபி செய்து பார்த்தால், நன்றாக இருந்த இரைப்பையின் உள்சுவர் அழன்று வீங்கியிருந்தது. அல்சர் வரும்வரை அவர் காத்திருக்கவில்லை. ஆனால், முதல் படி நிரூபணமாகிவிட்டது. 2005-ல் ரெண்டு பேருக்கும் நோபல் பரிசு. கிருமியின் பெயர் ஹெலிகோபேக்டர் பைலோரி.

அல்சருக்கு இன்னொரு பெரிய காரணம், நம் பையிலேயே இருக்கிறது. தலைவலி, பல்வலி, முதுகு வலி, கிரிக்கெட்டில் சுளுக்கு என்று எதற்கெடுத்தாலும் போடும் டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் வகை வலி மாத்திரைகள். இவை இரைப்பையின் பாதுகாப்புப் பூச்சையே அரிக்கக்கூடியவை.

அப்படியானால் அம்மா சொன்னது பொய்யா? முழுசாகப் பொய் இல்லை. சிறுகுடலின் தொடக்கத்தில் வரும் அல்சர், வயிறு காலியாக இருக்கும்போது வலிக்கும். ஏதாவது சாப்பிட்டால் அடங்கும். அதைப் பார்த்துத்தான் ‘சாப்பிடாததால் புண் வந்தது’ என்று ஊரே முடிவுகட்டியது. காரமும் அப்படித்தான். புண்ணை உண்டாக்காது; இருக்கிற புண்ணை எரிய விடும்.

மேல்வயிற்றில் வலி, தூக்கத்தில் எழுப்பிவிடும் வலி, வாரக்கணக்கில் போய்ப் போய் வரும் வலி என்றால் டாக்டரிடம் போங்கள். கிருமி இருக்கிறதா என்று டெஸ்ட் செய்து, இருந்தால் பத்துப் பதினாலு நாள் மருந்தில் விரட்டிவிடலாம். வருஷக்கணக்கில் ஜெல் குடித்துக்கொண்டிருக்கத் தேவையில்லை.

வாந்தியில் ரத்தம் அல்லது காபித்தூள் கரைத்த மாதிரி நிறம்... மலம் தார் மாதிரி கறுத்து, பிசுபிசுவென்று வருவது... ரெண்டும் உள்ளே ரத்தம் கசிகிறது என்பதற்கான அடையாளம். அந்த நிமிஷமே ஆஸ்பத்திரி. இரும்புச் சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்தான். அது டாக்டர் கேட்டு முடிவுசெய்ய வேண்டிய விஷயம்.

டூர் போனோம்... வயித்தால போச்சு!

காலேஜ் டூரின் மூணாவது நாள், பஸ்ஸில் பாதிப் பேர் முகம் வாடியிருக்கும். பேதி! பெரும்பாலும் வைரஸோ, கெட்டுப்போன சாப்பாடோ, தண்ணீரோதான் காரணம். ரெண்டு மூணு நாளில் தானாக அடங்கும். ஆபத்து பேதியில் இல்லை. அதோடு சேர்ந்து வெளியேறும் தண்ணீரிலும் உப்பிலும் இருக்கிறது.

இதற்கான மருந்தின் பெருமை நம் நாட்டு டாக்டர் ஒருவருக்கும் உண்டு. 1971-ல் வங்கதேசப் போர் நேரம். மேற்கு வங்காளத்தின் பன்காவ் அகதிகள் முகாமில் காலரா. சலைன் பாட்டில்கள் தீர்ந்துகொண்டிருந்தன. டாக்டர் திலீப் மஹாலனாபிஸ் சர்க்கரையையும் உப்பையும் தண்ணீரில் கலந்து, டிரம்களில் நிரப்பி, நோயாளிகளின் சொந்தக்காரர்கள் கையிலேயே கொடுத்து ஊட்டச் சொன்னார். நூற்றுக்கு 30 பேர் செத்துக்கொண்டிருந்த இடத்தில், சாவு நூற்றுக்கு 4 பேருக்கும் கீழே இறங்கியது. 2022-ல் அவர் மறைந்தார். அவர் பரவலாக்கிய ஓ.ஆர்.எஸ். இன்று எல்லா மெடிக்கல் ஷாப்பிலும் கிடைக்கிறது.

வெறும் தண்ணீர் போதாதா? போதாது. குடல் சுவர் வழியாக உப்பை உள்ளே இழுத்துப்போகச் சர்க்கரை துணைக்கு வர வேண்டும். ரெண்டும் போனால், பின்னாலேயே தண்ணீரும் போகும். அளவு மாறினால் வேலை கெடும். அதனால் பாக்கெட்டில் எத்தனை தண்ணீர் என்று போட்டிருக்கிறதோ, அத்தனை தண்ணீரில்தான் கரைக்க வேண்டும். பாக்கெட் கிடைக்காத ஊரில் மாட்டிக்கொண்டால், ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கலர் கலரான கூல் டிரிங்க்ஸில் சர்க்கரை மிக அதிகம். பேதியை இன்னும் கூட்டும். அட்டைப்பெட்டி ஜூஸ்களும் ‘ஓ.ஆர்.எஸ்.’ என்று பெயர் சூட்டிக்கொண்டு உலவியதால்தான், 2025 அக்டோபரில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம், சரியான அளவில் இல்லாத பானங்களுக்கு அந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டது.

சாப்பாட்டை நிறுத்தாதீர்கள். கஞ்சி, இட்லி, மோர் சாதம், வாழைப்பழம் எல்லாம் ஓகே. ரெண்டு விஷயம் மட்டும் வேண்டாம். ஒன்று, மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக். வைரஸ் பேதிக்கு அது ஒன்றும் செய்யாது. ரெண்டு, காய்ச்சலோ ரத்தமோ இருக்கும்போது பேதியை ‘பட்’டென்று நிறுத்தும் மாத்திரை. கிருமியை உள்ளேயே பூட்டி வைக்கிற வேலை அது.

மலத்தில் ரத்தம், அதிகக் காய்ச்சல், எதைக் குடித்தாலும் வாந்தி, ஆறேழு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது, எழுந்தால் தலைசுற்றல், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி விடாமல் போவது... இதில் ஒன்று இருந்தாலும் ஆஸ்பத்திரி. எதுவும் இல்லாமல் ரெண்டு நாளைத் தாண்டினாலும் டாக்டர்.

போகலையே...

இதற்கு நேர் எதிர் கோஷ்டி ஒன்று உண்டு. ஹாஸ்டல் பாத்ரூமில் எட்டு மணிக்கு க்யூ, எட்டரைக்கு முதல் பீரியட். ‘அப்புறம் பார்த்துக்கலாம்’ என்று அடக்கிவைப்பது. அடக்கினால் பெருங்குடல் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகும். பிறகு முக்கல், ஆசனவாயில் வெடிப்பு, மூலம். உள்ளே உட்கார்ந்து அரை மணி நேரம் செல்போன் பார்ப்பதும் மூலத்துக்கு வரவேற்புப் பத்திரிகை வைப்பதுதான்.

தண்ணீர், கீரை, காய், கொய்யா, தினமும் கொஞ்சம் நடை. இதில் பெரும்பாலோருக்குச் சரியாகிவிடும்.

சிவப்பாகச் சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால்? பெரும்பாலும் வெடிப்பு அல்லது மூலம்தான். ஆனால், அதை முடிவு செய்ய வேண்டியது பஸ் ஸ்டாண்ட் சுவரில் ஒட்டியிருக்கும் ‘மூலம் பவுத்திரம்’ போஸ்டர் இல்லை. ஒரு தடவை டாக்டரிடம் காட்டிவிடுங்கள். கூச்சமாக இருக்கிறதா? இதைத் தினமும் பார்க்கிறவர் அவர். அவருக்குக் கூச்சம் இல்லை.

போலீஸ் வேலை இல்லை, இது வேற ஐ.பி.எஸ்.!

வைவா அன்று காலையில் நாலு தடவை பாத்ரூம் ஓடுகிறவர்கள் கை தூக்குங்கள்! குடலுக்குள் பத்துக் கோடிக்கும் மேல் நரம்பு செல்கள் இருக்கின்றன. மூளையோடு அவை எப்போதும் பேசிக்கொண்டே இருக்கும். ஹெச்.ஓ.டி. முகத்தைப் பார்த்து மூளை பதறினால், குடலும் பதறும்.

எப்போதோ ஒரு நாள் என்றால் சகஜம். மாதக்கணக்கில் அடிக்கடி வயிற்று வலி, மலம் கழித்தால் வலி மாறுவது, ஒரு நாள் பேதி, ஒரு நாள் சிக்கல், வயிறு உப்புசம்... இதற்கு எரிச்சல் குடல் நோய் என்று பெயர். ஆங்கிலச் சுருக்கம்தான் ஐ.பி.எஸ். ஸ்கேனில் ஒன்றும் தெரியாது. அதனால் ‘எல்லாம் உன் மனசுதான்’ என்று வீட்டில் சொல்லிவிடுவார்கள். அப்படியில்லை, வலி நிஜம். உயிருக்கு ஆபத்து இல்லை, சிகிச்சையும் உண்டு. பால் சாப்பிடும் அன்றெல்லாம் வயிறு உப்பிப் பேதியானால், பாலில் உள்ள லாக்டோஸ் ஜீரணமாகாததும் காரணமாக இருக்கலாம். ரெண்டு வாரம் பாலை நிறுத்திப் பார்த்தாலே ஓரளவு தெரிந்துவிடும்.

ஆனால், தூக்கத்திலிருந்து எழுப்பும் பேதி, டயட் இல்லாமலே இளைப்பது, மலத்தில் ரத்தம், விட்டு விட்டுக் காய்ச்சல், சோகை... இவை ஐ.பி.எஸ்.ஸின் குணம் இல்லை. குடலில் அழற்சியா, காசநோயா என்று பார்க்க வேண்டியிருக்கும். காசநோய் நுரையீரலுக்கு மட்டும் என்று யார் சொன்னது? குடலுக்கும் வரும். நம் நாட்டில் அதை மறந்துவிடக் கூடாது.

கூடவே காய்ச்சலா? கண் மஞ்சளா?

மூணு நாளைத் தாண்டிய காய்ச்சலோடு வயிற்று வலி என்றால், டைபாய்டு முதல் டெங்கு வரை எதுவாகவும் இருக்கலாம். டெங்குவில் விடாத வயிற்று வலியும் வாந்தியும் எச்சரிக்கை மணி. அதுவும் காய்ச்சல் இறங்கிய பிறகு வந்தால், ‘சரியாயிடுச்சே’ என்று இருக்காதீர்கள். டெங்கு சீசனில் பாராசிட்டமாலைத் தவிர வேறு வலி மாத்திரையை நீங்களாகத் தொடாதீர்கள். ரத்தக் கசிவு ஆபத்து உண்டு.

பசியே இல்லை, குமட்டல், சிறுநீர் அடர் மஞ்சள், கண்ணும் மஞ்சள் என்றால் மஞ்சள்காமாலை. ஹாஸ்டலில் ஒரே நேரத்தில் நாலு பேருக்கு வந்தால், தண்ணீர்த் தொட்டியைச் சந்தேகப்படுங்கள். ஹெபடைடிஸ் ‘ஏ’, ‘ஈ’ ரெண்டும் தண்ணீர் வழியாகத்தான் பரவும். பெரும்பாலும் ஓய்வில் சரியாகிவிடும். ஊரில் கீழாநெல்லி கொடுக்கிறார்கள் என்பதற்காக ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள். எல்லாக் காமாலையும் ஒன்று இல்லை. தூங்கிக்கொண்டே இருப்பது, உளறுவது, ரத்தம் கசிவது என்றால் எமர்ஜென்சி.

வலி எங்கே, சொல்லுங்கள்?

டாக்டர் முதலில் கேட்கும் கேள்வி இது. மேல்வயிற்றின் வலது பக்கம், எண்ணெய்ச் சாப்பாட்டுக்குப் பிறகு வலித்தால் பித்தப்பைக் கல்லாக இருக்கலாம். மேல்வயிற்றின் நடுவில் கடுமையாக வலித்து முதுகுக்குப் பாய்ந்தால் கணையம். மது பழக்கம் உள்ளவர்கள் உஷார். தொப்புளில் தொடங்கி வலது அடிவயிற்றுக்கு நகர்ந்து, நடந்தாலோ இருமினாலோ கூடினால்... அதுதான் நம் மாப்ள கதை. குடல்வால் அழற்சி அதிகம் வருவது பத்திலிருந்து முப்பது வயதுக்குள். நம்ம வயசு!

வயிற்று வலி என்று வருவதெல்லாம் வயிறும் இல்லை. தோழிகளே, பீரியட்ஸ் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்க அடிவயிற்றில் கடும் வலி, மயக்கம் என்றால், கருக்குழாயில் கரு தங்கியிருக்கலாம். சினைப்பை முறுக்கிக்கொண்டாலும் திடீர் வலி வரும். டாக்டர் அந்தரங்கமாகக் கேள்வி கேட்டால், அது விசாரணை இல்லை. உயிரைக் காப்பாற்றும் கேள்வி. உள்ளதைச் சொல்லுங்கள். நண்பர்களே, விதை முறுக்கிக்கொண்டாலும் அடிவயிறு வலித்து வாந்தி வரும். ஆறு மணி நேரத்துக்குள் சரிசெய்தால்தான் விதையைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு. ‘இதை எப்படிடா சொல்றது?’ என்று விடியும்வரை காத்திருந்து இழந்தவர்கள் உண்டு.

இன்னொன்று, உங்களுக்கு இல்லை, அப்பாவுக்கு. ஐம்பது வயதுக்காரர் ‘நெஞ்சுல கேஸ் அடைக்குது’ என்று வியர்த்துக் கொட்டி உட்கார்ந்தால், சோடா வாங்கப் போகாதீர்கள். இதயமாக இருக்கலாம். நேராக ஆஸ்பத்திரி, ஈ.சி.ஜி.

ரூம் கதவில் ஒட்டிவையுங்கள்!

உடனே கிளம்ப வேண்டியவை:

* ஓரிடத்தில் நிலைத்து, நாலைந்து மணி நேரமாகக் கூடிக்கொண்டே போகும் வலி
* வயிறு பலகை மாதிரி இறுகுவது, வண்டி குலுங்கினால் உயிர் போவது
* ரத்த வாந்தி, காபித்தூள் நிற வாந்தி, தார் மாதிரி மலம்
* வயிறு உப்பி, வாந்தி எடுத்து, மலமும் காற்றும் போகாமல் நின்றுபோவது
* வலியோடு அதிகக் காய்ச்சல், மயக்கம், சிறுநீர் நின்றுபோவது
* கடுமையாக இருந்த வலி, காரணமே இல்லாமல் ‘சட்’டென்று நின்று, பிறகு காய்ச்சல் வருவது

இந்த வாரத்துக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டியவை:

* வாரக்கணக்கில் வந்து வந்து போகும் வலி, நெஞ்செரிச்சல்
* காரணம் இல்லாமல் எடை குறைவது
* மலத்தில் லேசாக ரத்தம்
* மலம் போகும் பழக்கம் திடீரென்று மாறி, சில வாரமாக அப்படியே இருப்பது

கண் மஞ்சள், சாப்பாடு சிக்குவது என்றால் வாரம் முடியும்வரை பார்க்க வேண்டாம். அன்றோ மறுநாளோ போய்விடுங்கள்.

கிளம்பும் முன், வலி எப்போது தொடங்கியது, எங்கே நகர்ந்தது, என்ன மாத்திரை போட்டீர்கள் என்பதை ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். கடும் வலியில் எண்ணெய் போட்டு வயிற்றைத் தேய்க்காதீர்கள். பேதி மாத்திரை வேண்டாம். ஆபரேஷன் தேவைப்படலாம் என்பதால் சாப்பிடவும் வேண்டாம். ராத்திரி ரெண்டு மணியாக இருந்தாலும் வார்டன் கதவைத் தட்டுங்கள், திட்டினால் திட்டட்டும். வண்டி இல்லையா? 108. சந்தேகம் மட்டும்தானா? 104-ல் கேட்கலாம். காசு இல்லையே என்று யோசிக்க வேண்டாம். அரசு ஆஸ்பத்திரியில் இருபத்து நாலு மணி நேரமும் டாக்டர் உண்டு.

மாப்ள அரியர் எல்லாம் முடித்து, இப்போது நல்ல வேலையில் இருக்கிறான். தொப்புளுக்குக் கீழே நீளமாக ஒரு தழும்பு. கேட்கிற ஜூனியர்களிடமெல்லாம் ‘கபடியில வாங்கினது’ என்று அளந்துவிடுவான். என்னை மட்டும் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான் பாருங்கள்...

போன மாதம் ராத்திரி பதினொரு மணிக்கு அவனிடமிருந்து போன். ‘‘தம்பிக்கு வயித்து வலிடா. ஹாஸ்டல்ல இருக்கான். சாப்பாடு வேண்டாங்கறானாம்.’’

நான் சோடா என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ‘‘வலி எங்கே இருக்காம்? இடம் மாறுதா? குதிச்சா வலிக்குதா?’’ என்றுதான் கேட்டேன். வலது பக்கம், வலிக்கிறது என்றான். பன்னிரண்டு மணிக்குத் தம்பி ஆஸ்பத்திரியில் இருந்தான். விடியற்காலையில் சின்ன ஆபரேஷன். மூணாவது நாள் வீடு.

அரியர் ஒன்றுகூட இல்லை!